ஒரு பாட்டில் தவளை முட்டை

வேண்டாம்மா, வேண்டவே வேண்டாம். உங்க தமாலே மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. சோள மடலை நீங்க பிரிச்சப்பவே அந்த ஆவி வந்து என் மூக்கைப் புடிச்சு இழுத்துடுச்சு. உள்ள பன்னிக்கறியும் செவப்பு மொளகாயும்தானே? தெரியும், எனக்குத் தெரியாதா. நீங்க சாப்பிடுங்க. கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிச் சாப்பிட்டா புண்ணியமாப் போகும்.

சேச்சே, விரதமெல்லாம் இல்ல. எடை பார்க்கக் கூப்பிடுவாங்க. அந்தக் கதவு திறந்து காசிமிரோன்னு சத்தம் வந்தா நான்தான். உள்ள இருக்கிற மெஷின்ல முள்ளு தொண்ணூறைத் தாண்டாம நிக்கணும். தாண்டிருச்சுன்னா, போயிட்டு மழைக்காலம் முடிஞ்சு வாங்கன்னுடுவாங்க. அவ்வளவு நாள் தாங்காது. சரி, அத விடுங்க. பெல்ட்டைக் கழட்டிப் பையில போட்டுட்டேன். கல்யாண மோதிரம் சோப்புப் போட்டுத்தான் வந்துச்சு, கூடவே கொஞ்சம் தோலும் வந்துச்சு, அதுவும் லாபம்தான். காலையில முடி வெட்டிக்கிட்டேன். சிரிங்க, சிரிங்க. முடிக்கு எடை இல்லையா பின்ன?

இதுவா, மடியில இருக்கிற பாட்டிலா? இது என் காலைச் சாப்பாடு. எடை பார்த்தப்புறம்தான் தொடணும். சியா. ஆமா, எலுமிச்சைத் தண்ணியில மிதக்குமே, அதே சியாதான். நமக்கு ஊர் தெபாதித்லான். பக்கத்து ஊர் வயக்காடு பூராவும் இதுதான். சின்ன வயசுலேர்ந்து குடிக்கிறோம், பல்லிடுக்குல மாட்டும், நாக்கால நெம்பித் துப்புவோம். அதுக்கு மேல நாங்க அதுக்கு மரியாதை குடுத்ததில்ல. இப்ப அது முன்னாடி நான் கைகட்டி நிக்கிறேன்.

நமக்குத் தொழில் என்னன்னு கேட்டா நீங்க இன்னும் சிரிப்பீங்க. செப்புக் கொப்பரையில பன்னிக்கறி பொரிச்சு விக்கிறவன். கொழுப்புலேயே பொரிச்சு, கொழுப்புலேயே சம்பாதிச்சு, சம்பாதிச்சதையெல்லாம் இங்க, இடுப்பைச் சுத்திச் சேத்து வெச்சவன். உப்பு சரியான்னு ஒரு துண்டு, வெந்துச்சான்னு ஒரு துண்டு, வெந்தது நெசமான்னு இன்னொரு துண்டு. அப்புறம் பசிக்குதேன்னு உக்காந்து சாப்பிடுவேன்.

இங்க ஒரு சத்துணவு டாக்டரம்மா இருக்காங்க. என் மூத்த பொண்ணு வயசுதான் இருக்கும். காலைச் சாப்பாட்டை முந்தின நாளே செஞ்சு வெச்சுடுங்கய்யா, விடிஞ்சதும் கை கொப்பரைக்குப் போகாதுன்னாங்க. சக்கரை இல்லாத பாதாம் பால்ல சியா ஊறணும், மேல பழம், ஒரு கரண்டி கடலை பட்டர். இவ்வளவுதான். இதுல தப்புப் பண்ண என்னம்மா இருக்கு? நான் பண்ணினேன். பாதாம் பால் எங்க தெருக் கடையில இல்ல, டப்பாவுல கெட்டிப் பால் இருந்துச்சு. பால்னா பால்தானே? கடலை பட்டருக்குப் பதிலா நம்ம மஸபான் வில்லை, கடலையும் சக்கரையும் சேத்து அமுக்கினது, தொட்டா உதிருமே, அதுல நாலு உதுத்தேன். அதுவும் கடலைதானே? மாம்பழம் மட்டும் அவங்க சொன்ன மாதிரியே போட்டேன், கொஞ்சம் தாராளமா. ஆகா, என்ன ருசிங்கிறீங்க! டயட்டுன்னா இப்படித்தான் இருக்கும்னா இத்தனை வருஷம் ஏன் பயந்தோம்னு ரெண்டு பாட்டில் சாப்பிட்டேன்.

அடுத்த தடவை மெஷின்ல ஏறினா எடை கூடியிருக்கு. என்னய்யா சாப்பிட்டீங்கன்னு கேட்டாங்க. நீங்க சொன்னதைத்தான்மான்னு பெருமையாச் சொல்லி, செஞ்ச விதத்தையும் சொன்னேன். அந்தப் பொண்ணு ஒரு தாளை எடுத்து, எந்தப் பால், எந்தக் கடலைன்னு பெரிய பெரிய எழுத்துல எழுதிக் குடுத்துச்சு.

அப்புறம் ஒழுங்காத்தான். கலக்கிட்டு அப்படியே விட்டுடக்கூடாதும்மா, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கலக்கணும். இல்லேன்னா அடியில சிமெண்ட்டுதான். எனக்கு ஒரு தடவை கரண்டி தானா நின்னுச்சு. கடலையை வறுத்து என் வீட்டுக்காரி ஒப்துலியாவே அரைச்சுக் குடுப்பா, உப்பு கிடையாது, சக்கரை கிடையாது. மேல கொய்யாவோ பப்பாளியோ. மொத நாள் பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, குளத்துக்குப் போகாமயே தவளை முட்டை புடிச்சுட்டியேய்யான்னா. அதிலேர்ந்து எங்க வீட்டுல இதுக்குப் பேரே தவளை முட்டைதான்.

உண்மையைச் சொன்னா இப்பப் புடிச்சுப்போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

ஊர் என்ன சொல்லிச்சா? அம்பத்தாறு வயசுல ஒரு ஆம்பளை மெலியறான்னா ஊருக்கு ரெண்டே காரணம்தான் தெரியும். ஒண்ணு வியாதி, இன்னொண்ணு பொம்பளை. இருமல்கூட இல்லையேன்னு பாத்துட்டு, ரெண்டாவதுதான்னு முடிவு கட்டிட்டாங்க. அவ யாருன்னு ஒப்துலியாகிட்டயே கேட்டாங்க. இவ, இந்த மூஞ்சிக்கு எவளாவது கெடைச்சா நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்னுட்டா. வியாபாரமும் கொஞ்சம் அடி வாங்குச்சு. கறிக்கடைக்காரன் மெலிஞ்சா கறி மேலதான் சந்தேகம் வருது.

அதெல்லாம் கூடத் தாங்கிக்கலாம்மா. நிக்கனோர் விஷயம்தான் தாங்கல. எதிர் வாடையில ரொட்டிக் கடை. என் மூத்தவளுக்கு ஞானத்தகப்பன். அவளுக்கு ஞானஸ்நானம் ஆன நாள்லேர்ந்து எனக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு நான் கொம்பாத்ரே. அதுக்கு முன்னாடி வாடா போடான்னு திரிஞ்சவங்கதான், அன்னிலேர்ந்து நீங்க வாங்கதான். தினம் காலையில தெருவைத் தாண்டி வந்து, சூடா ஒரு கோன்ச்சா ரொட்டி, மேல சக்கரை வரிவரியா வெடிச்சிருக்குமே, அதை என் கல்லா மேல வெச்சுட்டுப் போவார். பேச்சுக் கிடையாது. நான் காப்பியில முக்கித் தின்பேன். எங்க சிநேகமே அதுதான்.

நிறுத்தணும்னு ஆனதும் எனக்குச் சொல்ல வாய் வரல. ஏப்ரன் பையில போட்டுக்கிட்டேன், அவர் தலை மறைஞ்சதும் என் கடை வாசல்ல கெடக்கிற நாய்க்குப் போட்டேன். கொஞ்ச நாள்ல நான் எளைக்கல, நாய் கொழுத்துச்சு. அந்த நன்றி கெட்ட ஜென்மம் ஒரு நாள் ரொட்டியைக் கவ்விக்கிட்டுப் போய், நேரா அவர் கடை வாசல்லயே உக்காந்து தின்னுச்சு. வந்தார் மனுஷன். நெத்தியெல்லாம் மாவு, கையில நாய் கடிச்ச மிச்ச ரொட்டி. அந்தக் கோபத்துலகூட நீங்கதான். கொம்பாத்ரே, என் ரொட்டி நாய்க்குத்தான் லாயக்குன்னு நீங்க வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே. நீங்க இனிமே கேனரிக் குருவி, வெதையைப் பொறுக்கித் தின்னுங்கன்னார். அதுக்கப்புறம் தெருவைத் தாண்டி வரவே இல்ல.

காரணத்தைச் சொல்லியிருக்கலாமேன்னா? எப்படிம்மா சொல்றது. அவர் திங்க, புதன், வெள்ளி இந்தக் கட்டடத்துலதான், கீழ் மாடியில, ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல கெடக்கார். அதனாலதான் நான் செவ்வாயாப் பாத்து வர்றேன். அவர் தம்பி கிட்னி தர்றேன்னு வந்தான், ரத்தம் சேரல. மகன் வந்தான், அவனுக்கே சக்கரை இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. ரெண்டு தடவையும் புதுச் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பி வந்தார், ரெண்டு தடவையும் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரும்பினார். மூணாவது தடவையும் ஆசை காட்டி மோசம் பண்ண எனக்கு மனசில்ல. நான் தரப்போறது அவர் வீட்டம்மாவுக்கும் ஒப்துலியாவுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு ரத்தம் பொருந்துது, எல்லாமே பொருந்துது, தொப்பைதான் பொருந்தல. கத்தி உள்ள போக அது வழி விடணுமாம்.

என்னது, என் பேரா? ஆமா, கூப்பிட்டுட்டாங்க. இதைக் கொஞ்சம் புடிங்கம்மா. முள்ளு தொண்ணூறுக்குள்ள நின்னுச்சுன்னா நீங்களே சாப்பிட்டுடுங்க, நல்லாக் கலக்கிட்டு. நான் ஊருக்குப் போனதும் தெருவைத் தாண்டிப் போய், ஒரு கோன்ச்சா கேட்டு வாங்கி, அவர் கண்ணு முன்னாடியே முழுசாத் தின்னணும். இல்லேன்னா, என் ரொட்டியை வேண்டாம்னவர் கிட்டேர்ந்து எனக்கும் எதுவும் வேண்டாம்னுடுவார். அப்படிப்பட்ட ஆளு.

இருங்க, ஷூவையும் இங்கயே கழட்டி வெச்சுட்டுப் போறேன்.