கைதியை உயிரோடு கொண்டு சேர்த்த தலையாரி செங்கோடன்

தலைமை தாங்கும் வளப்பூர் நாட்டுப் பட்டக்காரர் அவர்களே, ஆலத்தூர் நாட்டிலிருந்து நடந்து வந்த பெரியவர்களே, முள்ளுக்குறிச்சிச் சம்பந்திமார்களே, புருஷன் செங்கோடனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் கண்ணாயி, எல்லோரையும் கும்பிடுகிறேன்.

வெட்டியவனின் பாட்டிக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று பின்னால் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அன்று கோர்ட்டு வாசலில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் இந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

தலையாரி செங்கோடன் இருபத்திரண்டு வருஷம் கைதிகளை மலையிறக்கிக் கீழே மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் சேர்த்தார். ஒருவனுக்காவது கயிறு போட்டாரா? விலங்கு மாட்டினாரா? ஒரு மூட்டை மிளகையோ சாமையையோ கைதியின் தலையில் ஏற்றுவார். "ரெண்டு கையிலயும் புடிச்சுக்க சாமி, சந்தைக்குப் போறவனாட்டம் நட" என்பார். இரண்டு கையும் மூட்டையில் இருக்கிறவன் எங்கே ஓடுவான்? பார்க்கிறவர்களுக்கும் அவன் கைதி என்று தெரியாது. காறித் துப்ப ஒருவரும் வரமாட்டார்கள். கோர்ட்டுப் போலீசார், "கைதி எங்கேய்யா?" என்று அதட்டினால், "மூட்டைக்கு அடியில இருக்கறானுங்க" என்பார். அவர்களே சிரித்துவிடுவார்கள்.

என் மகன் ராசு வரப்புத் தகராறில் அடிபட்டுச் செத்தான். அடித்ததாக முத்தனைப் பிடித்தார்கள். வழக்குக்காக நாங்களும் கீழே இறங்கினோம். முத்தன் தலையிலும் மூட்டை இருந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஐந்தாவது வரை படித்தவள், இந்த நாட்டுக்கே மனு எழுதிக் கொடுக்கிறவள் என்ற தலைக்கனம் வேறு.

"ஏப்பா செங்கோடா, எம்மவனக் கொன்னவனச் சம்பந்தியாட்டமல்ல கூட்டிக்கிட்டுப் போற?" என்று நடுவழியில் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கொன்னானா இல்லையான்னு கோர்ட்டு சொல்லட்டுங்க ஆத்தா. அதுவரைக்கும் இவன் எங்கிட்டக் குடுத்த உசுரு" என்றார்.

பக்கத்தில் வந்த பேரன் காளியண்ணன் பல்லைக் கடித்தான். அவனை நான் அடக்கினேனா? இல்லை. அப்பனுக்கேற்ற பிள்ளை என்று மனசுக்குள் பெருமைப்பட்டேன்.

சத்தியம் செய்யும் இடத்துக்குள் இரும்பு கொண்டுபோகக் கூடாது என்பது நம் வழக்கம். கோயிலானாலும் பஞ்சாயத்தானாலும் கொடுவாளை வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைவோம். அப்படி வைத்த இரும்பை இன்னொருவன் தொடமாட்டான். கோர்ட்டிலும் சத்தியம்தானே செய்கிறார்கள்? செங்கோடன் தம் கொடுவாளை வாசல் புளியமரத்தடியில் வைத்தார். அதற்கு ஒரு காவல் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சுற்றி அத்தனை கீழ்நாட்டார் நின்றார்கள், ஒருவனும் தொடவில்லை. தொட்டவன் நம் மலைக்காரன். என் ரத்தம்.

வெட்டு முத்தன் கழுத்துக்குத்தான் வந்தது. அவன் கைகள் மூட்டையில் இருந்தன. செங்கோடன் நடுவில் புகுந்து அதை வாங்கிக்கொண்டார். மூட்டையைப் போட்டுவிட்டு முத்தன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தலையாரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓடியவன் காளியண்ணன். விலங்கு மாட்டியது முத்தனுக்கு.

இனி மலையிலிருந்து எவனைக் கொண்டுவந்தாலும் சங்கிலி போட்டுத்தான் சந்தை வழியே கொண்டுவர வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. மனு எழுதிப் பார்த்தேன். பதில் இல்லை. வரும் என்றும் தோன்றவில்லை. இரும்பை வெளியே வைத்துவிட்டு இனி எவன் நம்பிக் கோயிலுக்குள் போவான்? அந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் அன்றைக்கு வெட்டிப் போட்டான்.

மலைக்கு ஓடிவந்தவனைப் பிடித்துப் பட்டக்காரர் வீட்டில் பூட்டி வைத்திருக்கிறோம். நாளைக் காலையில் போலீசார் வருகிறார்கள். அவன் அடிவாரம் போய்ச் சேரக் கூடாது என்று இங்கே சிலர் பேசிக்கொள்கிறீர்கள். பாதையோரம் கல் குவித்திருப்பதும் எனக்குத் தெரியும். செங்கோடன் இருந்தால் யாருக்கு முன்னால் நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவனைப் பிடித்து வைத்த இந்த மூன்று நாளில் அவர் வேலையை எடுத்துச் செய்ய ஒருவரும் வரவில்லை. அதனால் நான் நடக்கிறேன், அவனுக்கு முன்னால். எறிகிறவர்கள் என்மேல் எறியுங்கள்.

அவனைக் கோர்ட்டில் கொண்டு சேர்த்தபின் கூண்டில் ஏறுவேன். என் பேரன்தான் வெட்டினான், நான் பார்த்தேன் என்று சொல்வேன். தூக்குப் போடுவார்கள் என்று தெரிந்தேதான் சொல்வேன்.

கண்ணாயி, என்னால் ஆகக்கூடியது இவ்வளவுதான் சாமி.