தொண்ணூறுக்குக் கீழே

— ஆகாதுடா, இது ஆகவே ஆகாது. நம்ம ஹால்ல தையல் மிஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிறது ரெண்டரை அடி. இதை அங்க போட்டா நான் எங்க உட்கார்ந்து தைக்கிறது, உன் தலை மேலயா?

— அக்கா, டேப்பை உள்ள வை. கடையில எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டுமே. தையல்காரி கையில டேப் இல்லாம வேற என்ன இருக்கும்? ஏம்மா பொண்ணே, இந்த டிரெட்மில்லுக்கு அகலம் எவ்வளவு?

— ரெண்டேகால் அடி மேடம். நடந்து முடிச்சதும் மடக்கி சுவரோரமா நிமிர்த்தி வெச்சிடலாம். சின்ன வீட்டுக்குன்னே வந்த மாடல். வீட்டுல யாரு யூஸ் பண்ணப் போறாங்க?

— இது என்னம்மா கேள்வி? என்னைப் பாரு, குச்சிக்குத் துணி சுத்தின மாதிரி இருக்கேன். பக்கத்துல நிக்குதே பூசணி, என் தம்பி, அதுக்குத்தான்.

— அக்கா...

— என்ன நொக்கா? உள்ளதைத்தானே சொன்னேன். பஸ் டெப்போவுல மெக்கானிக்கும்மா இவன். பஸ்ஸுக்கு அடியில படுத்தான்னா, பஸ்ஸை ஜாக்கி போட்டுத் தூக்கித்தான் இவனை வெளிய எடுக்கணும்.

— தங்கச்சி, அவங்க அப்படித்தான் பேசுவாங்க, நீ கண்டுக்காத. ஓடுற மிஷின் வேணாம்மா. நடக்கிற மிஷின் போதும். விலையும் கைக்கு அடக்கமா இருக்கணும். ரொம்ப மெதுவா ஆரம்பிக்கணும். ஏறுற இடம் தாழ்வா இருக்கணும். ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும். கால் தடுக்குனா டக்குனு நிக்கிறதுக்கு ஒரு சாவிக் கயிறு வருமே, அது கண்டிப்பா வேணும்.

— கேட்டியாம்மா? நாப்பது வயசுக் கடாவுக்குக் கைப்பிடி வேணுமாம். நடைவண்டி இருந்தா காட்டு, விலை இன்னும் குறைவா வரும்.

— ஹா ஹா. இல்ல மேடம், சார் விவரமாத்தான் கேக்குறாரு. மத்தவங்க முதல்ல போன் வைக்க ஸ்டாண்டு இருக்கான்னுதான் கேப்பாங்க.

— அக்கா, நீ முதல்ல அந்த ஸ்டூல்ல உட்காரு. நேத்துதான் டயாலிசிஸ் முடிஞ்சு வந்திருக்க.

— உட்காருறேன், உட்காருறேன். நீ கடையை ஆஸ்பத்திரி ஆக்காத.

— மேடமுக்கு உடம்பு சரியில்லையா?

— ரெண்டு கிட்னியும் கடையைச் சாத்திட்டுப் போயி ஒன்றரை வருஷம் ஆச்சும்மா. வாரத்துக்கு மூணு நாள் மிஷின்தான் ரத்தத்தைக் கழுவி அனுப்புது. இவன் என்னடான்னா தன்னோடதுல ஒண்ணை எனக்குக் குடுத்தே தீருவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். டாக்டர் பாத்தாரு. முதல்ல தொண்ணூறு கிலோவுக்குக் கீழ வா, அப்புறம் மத்த டெஸ்டைப் பாக்கலாம்னுட்டாரு. அப்ப இவன் தொண்ணூத்தெட்டு. அதுக்குத்தான் இந்த மிஷின் கூத்தெல்லாம்.

— நீயும் ஒண்ணு சொன்னியே, அதை ஏன் விட்டுட்ட?

— என்ன சொன்னேன்?

— தொண்ணூறுக்குக் கீழ வா, மறுபேச்சு இல்லாம வாங்கிக்கிறேன்னு. என் தலையில கை வெச்சு சொன்ன.

— சொன்னேன்டா. யாரு இல்லேங்கிறா? முதல்ல வந்து காட்டு. ஏம்மா, அந்த ஓரத்துல பெருசா ஒண்ணு நிக்குதே, அது நல்லா இருக்கும் போல. எடுத்தா அதை எடுப்போம்.

— அக்கா, அது நம்ம வாசக்கதவுலயே நுழையாது.

— நுழையாதா? அப்ப விடு, நமக்குக் குடுத்து வைக்கல. வா போகலாம்.

— உட்காரு. தங்கச்சி, இந்தச் சின்னதைக் கொஞ்சம் ஓட விடு, காது குடுத்துப் பாக்குறேன். ம்... பேரிங் சுத்தமா இருக்கு. பெல்ட்டும் உரசல. ஒரே சீரா போகுது. நல்ல மோட்டார்.

— எனக்கு மாவு மிஷின் மாதிரி கேக்குது. கீழ் வீட்டு வாத்தியார் சண்டைக்கு வருவாரு.

— உன் தையல் மிஷினை இருபது வருஷமா கேட்டவரு, இதைத் தாங்க மாட்டாரா?

— அது தொழில் சத்தம்டா. சரி, எனக்கு ஒண்ணு விளங்கல. தெரு சும்மாதானே கிடக்கு? தெருவுல நடந்தா காசு கேக்குதா? எதுக்கு வீட்டுக்குள்ள நின்ன இடத்துலயே நடக்கணும்?

— தெருவுல தூசி.

— தூசியா? நாள் பூரா கிரீஸ்ல புரளுறவனுக்குத் தூசி ஆகாதா? புதுசா இருக்கே.

— மேடம், ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன். இந்தச் சின்ன மாடல் தொண்ணூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும். வாரண்டி ஃபார்ம்ல யூஸ் பண்றவங்க எடையை எழுதி கையெழுத்து வாங்கணும். அதிகமா இருந்தா வாரண்டி கிடைக்காது.

— அப்பாடா! என் தங்கமே, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? முடிஞ்சுது கதை. இவன் ஏறினான்னா இது அப்பளம். எந்திரிடா, வீட்டுக்குப் போவோம்.

— சந்தோஷமா இருக்க போல?

— ச்சே, எனக்கென்ன சந்தோஷம். வருத்தம்தான்.

— எடை பாக்குற மிஷின் இங்கயே இருக்கு சார். ஒரு தடவை ஏறிப் பாத்துடுங்களேன்.

— வேணாம் தங்கச்சி, அப்புறம் பாத்துக்கலாம்.

— ஏன் வேணாம்? ஏறுடா. பொண்ணு கேக்குதுல்ல? மூணு இலக்கமா வந்தாலும் நான் சிரிக்க மாட்டேன்.

— இங்க வேணாம்க்கா. வீட்டுல போய் சொல்லலாம்னு இருந்தேன்.

— வீட்டுல என்ன சொல்லப் போற? ஏறு. செருப்பைக் கழட்டிட்டு ஏறு. ஆங். என்னம்மா காட்டுது? என் கண்ணாடி பையில இருக்கு.

— எண்பத்தேழு புள்ளி நாலு மேடம்.

— மிஷின் கெட்டுப் போச்சு.

— இல்ல மேடம், காலையிலதான் சரி பாத்தோம்.

— அப்ப இவன் சுவத்தைப் பிடிச்சுட்டு நிக்கிறான். கையை எடுடா.

— ரெண்டு கையும் மேலதான்க்கா இருக்கு. பாரு. அதுவும் உள்ள ரெண்டு பனியன், மேல இந்த டெப்போ கோட்டு. எல்லாத்தையும் கழட்டுனா இன்னும் ஒரு கிலோ குறையும்.

— நான் தையல்காரிடா! ஆளைப் பாத்தே இடுப்பளவு சொல்றவ. என் கண்ணுக்கு எப்படிடா தப்பும்?

— அதுக்குத்தானே ரெண்டு பனியன்? நீ தைச்ச சட்டையை நாலு மாசமா நான் போடவே இல்ல, கவனிச்சியா? இப்ப போட்டா கொடியில காயிற மாதிரி தொங்கும். ஓவர்டைம், ஓவர்டைம்னு லேட்டா வந்தேனே, அதெல்லாம் டெப்போவுல இருந்து வீடு வரைக்கும் நடை. நாள் பூரா பஸ்ஸை ரிப்பேர் பண்ணிட்டு நடந்து போறானேன்னு கண்டக்டருங்க எல்லாம் சிரிக்கிறாங்க.

— ஆனா நான்... நான் உனக்கு மதியச் சாப்பாடு...

— தெரியும். மேல கீரை, அடியில விரல் கனத்துக்கு வெண்ணெய்.

— தெரியுமா?

— பஸ்ஸுக்கு கிரீஸ் போடுறவன்க்கா நான். கையில ஒட்டுனது என்னன்னு தெரியாதா? முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. டெப்போ வாட்ச்மேனை நீ பாத்ததில்லையே? நாலு மாசத்துல ஒரு சுத்து பெருத்துட்டான். அக்கா சமையல் மாதிரி வருமான்னு தினம் உன்னை வாழ்த்துறான்.

— நாசமாப் போறவனே. முகம் வத்திக் கிடக்குதேன்னு நானும் பாத்தேன்டா. என்னை நினைச்சு உருகுறானேன்னு இன்னும் ஒரு கரண்டி சேர்த்து வெச்சேன்.

— அதுவும் வாட்ச்மேனுக்குத்தான் போச்சு.

— சிரிக்காதடா. எனக்குச் சிரிப்பு வரல. வேணும்னுதான் பண்ணேன். நீ எங்க தொண்ணூறுக்குக் கீழ வரப்போறேங்கிற தைரியத்துலதான் அன்னிக்கு சத்தியமே பண்ணேன். எனக்கு ஒண்ணுன்னா போகட்டும், ஐம்பது வயசு வாழ்ந்தாச்சு. உன்னை மேசையில படுக்க வெச்சு கிழிக்கும்போது ஏதாவது ஒண்ணு ஆயிட்டா? உனக்கு மூணு வயசு, எனக்குப் பதிமூணு. அம்மா உன்னை என் இடுப்புல குடுத்துட்டுப் போனா. அதுக்கப்புறம் உன்னை இறக்கி விட்ட ஞாபகமே எனக்கு இல்லடா.

— இப்ப இறக்கி விடுக்கா. பயமா இருந்தா கையைப் பிடிச்சுக்கோ, ஆனா இறக்கி விடு. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டாரு. போன வாரம் ரிசல்ட் வந்துச்சு. எல்லாம் பொருந்துது. ஒண்ணை வெச்சுக்கிட்டே நான் நல்லா இருப்பேன்னு வரைஞ்சு காட்டி விளக்கினாரு. தேதி மட்டும் உன்னைக் கேட்டு வைக்கணும்னாரு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— சொல்லியிருந்தா வெண்ணெய் ரெண்டு விரல் கனத்துக்கு ஏறியிருக்கும்.

— மேடம், இந்தாங்க, தண்ணி குடிங்க.

— வேணாம் கண்ணு, எனக்குத் தண்ணி அளவுதான். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். காலையிலயே பாதி முடிஞ்சுது. நீ அழாத. நீ எதுக்கு அழற?

— தெரியல மேடம். சார், அப்ப... எடைதான் குறைஞ்சுடுச்சே. மிஷின் வேணாமா?

— நல்லாக் கேட்டம்மா. எல்லாம் முடிச்சுட்டு வந்து எதுக்குடா என்னை இங்க உட்கார வெச்சு அகலம் நீளம் பாக்க விட்ட?

— எனக்கு வேணும்னு நான் எப்ப சொன்னேன்? ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச மாசம் நீ கூட்டத்துலயும் தூசியிலயும் போகக் கூடாதாம். ஆனா தினம் நடந்தே ஆகணுமாம். தாழ்வான படி உன் காலுக்கு. கைப்பிடி உன் கைக்கு. தையல் மிஷின் பக்கத்துலயே கிடக்கும், அலுத்துப் போனா திட்டுறதுக்கு நானும் பக்கத்துல இருப்பேன். போதுமா?

— பையில இருந்து என் கண்ணாடியை எடுத்துக் குடுடா.

— அக்கா? இந்தா கண்ணாடி. திட்டவாவது செய்.

— ஏம்மா, அந்த ஃபார்மை இங்க குடு. யூஸ் பண்றவங்க எடைன்னு இருக்குல்ல, அதுல இவனை எழுதாத. என்னை எழுது. டயாலிசிஸ் முடிஞ்ச அன்னிக்கு நாப்பத்தெட்டு, அடுத்த டயாலிசிஸுக்குள்ள உடம்புல தண்ணி சேர்ந்து ஐம்பத்தொண்ணுன்னு ஒன்றரை வருஷமா ஏறி இறங்கிட்டே இருந்துச்சு. ஐம்பதுன்னே போட்டுக்கோ, இனிமே ஒரே இடத்துல நிக்கும்.