நகம் பதியாத குவளை

ஆறிப்போன காப்பி எனக்குத் தொண்டையில் இறங்காது. அதனால் எந்தக் கிணற்றில் வேலை செய்தாலும் என் தகர அறையில் அடுப்பு அணைந்ததே இல்லை. எண்ணெய்க் கிணற்றருகே அடுப்பு கூடாதுதான். என்னிடம் அதைச் சொல்ல யாரும் இல்லை. இந்த விசாரணையில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதும் அந்த அடுப்பைப் பற்றித்தான். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

பிரஹோவா மலைகளில் கிணறு தோண்டும் குழுவுக்கு நான் மேலாள். பெயர் ஃபிலிமோன், என் கீழ் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அண்ணன். துளைக்குள் இரும்புக் குழாயை இறக்கி, அதைச் சுற்றியுள்ள சந்தில் சிமெண்டுக் கூழை நிரப்புவோம். கூழாக இருக்கும்வரை அது தன் எடையால் கீழேயிருக்கும் வாயுவை அமுக்கி வைத்திருக்கும். கல்லாகிவிட்டால் வழியை அடைத்துவிடும். நடுவில் ஒரு நேரம் உண்டு. அப்போது அதற்கு எடையும் போதாது, உறுதியும் போதாது. அது முடியும்வரை கிணற்றின் வாயில் பூட்டியிருக்கும் பெரிய இரும்பு அடைப்பானைக் கழற்றக் கூடாது. வாயு ஏறி வந்தால் தடுக்க வேறு எதுவும் கிடையாது.

அந்த நேரம் முடிந்ததா என்று பார்க்க எங்களிடம் ஒரு பழக்கம். அதே கூழில் ஒரு தகரக் குவளை எடுத்து வெளியே குளிரில் வைப்போம். நாங்கள் குழாய் இறக்கும் அந்தக் குறைந்த ஆழத்தில் மண்ணும் குளிர்தான். பிறகு குவளை கைமாறும். ஒவ்வொருவனும் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவான். ஒருவன் நகம் பதிந்தாலும் காத்திருப்போம். மற்ற பரிசோதனைகள் இருந்தும் பிள்ளைகள் நகத்தைத்தான் நம்பினார்கள்.

அன்று ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. விடிந்ததிலிருந்தே யாருக்கும் வேலையில் மனம் இல்லை. துளையிடும் ஹரலாம்பி குவளையை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இன்னும் மாமலிகா களி மாதிரி கொழகொழன்னு இருக்குண்ணே. பாலாடைக்கட்டி இருந்தா போடுங்க, தின்னுடலாம்."

"உனக்கு எப்பவும் சோத்து நெனப்புதான்டா," என்றான் லவ்ரென்ஷியு. "அண்ணே, இன்னைக்கு கோயில்ல மெழுகுவத்தி ஏத்தப் போகலைன்னா என் பொண்டாட்டி என்னையே கொளுத்திடுவா. ஏதாவது பண்ணுங்க."

"சிமெண்டுக்கு ஈஸ்டர் தெரியுமாடா? அது இறுகறப்பதான் இறுகும்," என்றான் ஹரலாம்பி.

ஏதாவது பண்ணச் சொன்னது லவ்ரென்ஷியு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் சாப்பிடப் போனதும் குவளையைக் கொண்டுபோய் என் அடுப்பின் மேல் வைத்தேன். சூட்டில் சிமெண்டு சீக்கிரம் இறுகும். கல்லானதும் சூடு தெரியாதபடி ஆறவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தேன். இது முதல் முறையும் அல்ல. கிறிஸ்துமஸுக்குச் செய்திருக்கிறேன், யாராவது கல்யாணத்துக்குச் செய்திருக்கிறேன், சில கிணறுகளில் காரணமே இல்லாமல் செய்திருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் அண்ணன் என்று எனக்கு நல்ல பேர். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

குவளை கைமாறியது. ஹரலாம்பி இரண்டு முறை அழுத்தினான்.

"காலைல களி, இப்ப கல்லு. பண்டிகை நாள்ல அற்புதம்தான்ணே நடக்குது," என்று சிரித்தான்.

அடைப்பானின் முதல் போல்ட்டை அவனே கழற்றினான். ஆக, முடிவெடுத்தது நான் அல்ல, அவர்கள் நகங்கள்.

பாதி போல்ட்டுகள் கழன்றிருந்தபோது நான் மேல்தளத்தில் காப்பியோடு நின்றிருந்தேன். குழாயைச் சுற்றியிருந்த சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். அதில் தேங்கியிருந்த சேற்றுநீரில் ஒரு குமிழி வந்து உடைந்தது. பின்னால் நாலைந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் கொதி வந்த பானை மாதிரி ஆகிவிட்டது.

அடைப்பானுக்குக் கீழே மூன்று பேர்: ஹரலாம்பி, லவ்ரென்ஷியு, அவன் மச்சான் கோர்னெல். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கி அடைப்பானை மூடியிருப்பார்கள். குறைந்தது ஓடியாவது போயிருப்பார்கள். ஆனால் ஹரலாம்பி சும்மா விடமாட்டான். குவளை கல்லாக இருந்ததே, இது எப்படி என்று கேட்பான். பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதை என்னால் தாங்கமுடியாது என்று தோன்றியது. படியிறங்கினேன்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" ஹரலாம்பி தலை தூக்காமல் கேட்டான்.

"காப்பி ஆறிப்போச்சுடா. சூடு பண்ணிட்டு வரேன்."

"எனக்கும் ஒரு கப்பு கொண்டாங்க."

நடந்துதான் போனேன். ஓடினால் பயந்துவிடுவார்கள். என் அறையைத் தாண்டும்போது அடுப்பை அணைத்திருக்கலாம். திரும்பி வந்தால் காப்பிக்கு வேண்டுமே என்று விட்டுவிட்டேன். பிளம் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னால் கிணறு சீறும் சத்தம் கேட்டது. வாயு சரிவில் இறங்கி என் அறையைத் தேடிப் போயிருக்கிறது. தீ அங்கிருந்துதான் கிளம்பியது. மூன்று பேரையும் மூடிய பெட்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று இதுவரை எல்லாரிடமும் சொல்லி வந்தேன்.

குவளை உங்கள் மேசைமேல் இருக்கிறது. நகத்தை வைத்துப் பாருங்கள், பதியாது. சிமெண்டில் குறை இல்லை.

நேற்று உங்கள் அலுவலக வராந்தாவில் ஹரலாம்பியின் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "கடைசியா அவருகிட்ட பொய் சொல்லிட்டா போனீங்க?"

இல்லையம்மா என்றேன். காப்பி உண்மையிலேயே ஆறிப்போயிருந்தது.