பழைய போன்ல முக்கியமா ஒண்ணுமில்ல

போன் வாங்குற விஷயத்துல நான் அவசரப்படுற ஆளே இல்ல மேடம். ஒரு துடைப்பம் வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குவேன். "அக்கா, நீ முடிவு பண்றதுக்குள்ள அந்தத் துடைப்பத்துக்கு வயசாயிடும்"னு தம்பி கிண்டல் பண்ணுவான். அதனால ஏதோ ஆசையில திடீர்னு போய் வாங்கிட்டா பாவம்னு நீங்க எழுதிக்கிட்டா அது தப்பு. நல்லா யோசிச்சுத்தான் வாங்கினேன்.

என் வேலையே அப்படி. கண்ணாடிக் கடையில பார்வை சோதிக்கிறவ நான். வந்து உக்கார்றவங்க கண்ணு முன்னாடி ஒரு லென்ஸ் வைப்பேன், எடுத்துட்டு இன்னொண்ணு வைப்பேன். இது தெளிவா, முன்னாடி வச்சது தெளிவா? நாள் பூரா இதே கேள்விதான். பாதிப் பேருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், ஒத்துக்க மாட்டாங்க. நான் சலிக்காம மாத்தி மாத்திக் காட்டுவேன். கடையில யாரை வேணா கேட்டுப் பாருங்க, நான் ஒரு நாள் குரல் உயர்த்தினதில்ல.

பழைய போன் நல்லாத்தான் இருந்துச்சு. ஓரத்துல ஒரு கீறல், சார்ஜ் சாயங்காலம் வரைக்கும் நிக்காது, அவ்வளவுதான். புதுசா வந்தது அந்தக் கம்பெனியில இருக்கிறதிலேயே உசத்தி. கேமராவைப் பத்தி எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. வீடியோ வீடியோவா பாத்தேன். கடைக்குப் போய்க் கையில வாங்கிப் பாத்துட்டு வச்சுட்டு வந்தேன். மறுபடியும் போனேன். விக்கிற பையனுக்கே என்னைப் பாத்தா சிரிப்பு வர ஆரம்பிச்சிருச்சு.

எனக்கிருந்த தயக்கம் ஒண்ணே ஒண்ணுதான். பழைய போன்ல ஒரு அலாரம் இருந்துச்சு.

தம்பிக்குச் சின்ன வயசுலேர்ந்தே சர்க்கரை வியாதி. ஊசியோடவே வளர்ந்தவன். அம்மா அப்பா போனதுக்கப்புறம் அவனுக்கு எல்லாமே நான்தான். சர்க்கரை ஏறினா சமாளிச்சுக்கலாம், இறங்கினாத்தான் ஆபத்து. மத்தவங்களுக்கு இறங்குறப்ப கை நடுங்கும், படபடன்னு வரும். இவனுக்கு உடம்பு பழகிப் போய், சொல்றதையே நிறுத்திருச்சு. பேசிக்கிட்டே இருப்பான், அப்படியே சாஞ்சிடுவான். மேல் உதட்டுல மட்டும் கொஞ்சம் வேர்வை பூக்கும். அது கூட, உத்துப் பாக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

அதுக்காகக் கையில ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். சர்க்கரை இறங்கினா என் போன் அலறும். கூட இருக்கிறவங்கள்ல ஒரே ஒருத்தர் போன்லதான் அடிக்கிற மாதிரி வைக்கலாம். அவன் போன்ல அவனே அதை நிறுத்தி வச்சிருந்தான், ஏன்னா அவன் வேலை அப்படி. பார்வை இல்லாத பிள்ளைங்களுக்காகப் பாடப் புத்தகத்தை வாசிச்சுப் பதிவு பண்ணிக் கொடுக்கிறவன். வெளிச் சத்தம் உள்ள வராம இருக்க பின் ரூம் சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டி, கதவை அடைச்சுக்கிட்டு உக்காருவான். வெளியில சிவப்பு லைட் எரியும். எரிஞ்சா யாரும் கதவைத் திறக்கக் கூடாது. உள்ள ஒரு பட்டன் போன் இருக்கும். அந்த நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். என் போன் அலறினா நான் அந்த நம்பருக்கு அடிப்பேன். "ஜூஸ் குடி"ம்பேன். "குடிச்சிட்டேன் தாயே"ம்பான். வச்சிடுவோம்.

சினிமா தியேட்டர்ல அலறியிருக்கு. துக்க வீட்டுல அலறியிருக்கு. ஒருத்தர் என்கிட்ட மனசு விட்டுப் பேசணும்னு ஹோட்டலுக்குக் கூப்பிட்டார், அப்பவும் அலறுச்சு. வெளியில போய்த் தம்பிகிட்டப் பேசிட்டு வர்றேன், அவர் பில் கேட்டுக்கிட்டிருந்தார். நான் அதையெல்லாம் குறையா சொல்லல. களைப்பா இருந்துச்சு, அதை மட்டும் சொல்றேன்.

தம்பிக்குக் கல்யாணம் முடிவாகியிருந்துச்சு. அவனோட பதிவையெல்லாம் சரிபாக்கிற பொண்ணு. நல்ல பொண்ணுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

கடைசியா நான் வாங்கப் போனப்ப அந்த விக்கிற பையன் முறையாத்தான் கேட்டான். "பழைய போனை எடுத்துக்கிறோம் அக்கா. எல்லாத்தையும் அழிச்சிடுவோம். முக்கியமா ஏதாவது இருக்கா?"

"முக்கியமா ஒண்ணுமில்லப்பா"ன்னேன்.

அந்த அலாரம் புதுப் போன்ல இப்போதைக்கு வேலை செய்யாதுன்னு எனக்குத் தெரியும். சென்சார் கம்பெனிக்காரன் முன்னாடியே செய்தி அனுப்பியிருந்தான், நாங்க சொல்ற வரைக்கும் பழைய போனை விட்டுடாதீங்கன்னு. நிறுத்தி நிதானமா ரெண்டு தடவை படிச்சேன். அந்தப் பையன் அழிக்கிறப்ப பக்கத்துலயே நின்னு பாத்தேன். திரை கருப்பாகி, புதுசா வாங்கின மாதிரி வெள்ளையா வந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் தம்பி போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். "மகாராணி ஒரு வழியா முடிவெடுத்துட்டாங்க"ன்னான். அப்புறம் கேட்டான், "அலாரத்தை இதுக்கு மாத்திட்டியாக்கா?"

மாத்திட்டேன்னு சொன்னேன்.

மறுநாள் காலையில வேலைக்குக் கிளம்புறப்ப அவனை ஜன்னல் பக்கம் நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்தேன். பெருசு பண்ணிப் பாத்தேன். கேமராவைப் பத்திச் சொன்னது பொய்யில்ல மேடம், அப்படி ஒரு தெளிவு. புருவத்துல ஒவ்வொரு முடியும் தனியா தெரியுது. மேல் உதட்டுல வேர்வை, பொடிப் பொடியா. அவனும் எட்டிப் பாத்துட்டு, "என்னக்கா, மூஞ்சி பூரா ஓட்டையா இருக்கு"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். அவன் உள்ள போனான், சிவப்பு லைட் எரிஞ்சுது, நான் பஸ்ஸுக்குப் போனேன்.

அன்னைக்குக் கடையில நல்ல கூட்டம். போன் ஒரு தடவை கூட அலறல. மதியம் சாப்பாட்டை முழுசா உக்காந்து சாப்பிட்டேன். அந்த மாதிரி சாப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். லைட் அப்பவும் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. பால் காய்ச்சி, டீ போட்டு, குடிச்சு, டம்ளரைக் கழுவிக் கவுத்தேன். அதுக்கப்புறம்தான் கதவைத் திறந்தேன். எரியிறப்ப திறக்கக் கூடாதுன்னு சொன்னவன் அவன்தான்.

அவன் கடைசியா பேசினது பதிவாகியிருந்ததை நீங்க எனக்குப் போட்டுக் காட்டினீங்க. காட்டாம இருந்திருக்கலாம். மழை எப்படிப் பெய்யுதுங்கிற பாடம். அழகா வாசிச்சுக்கிட்டே வர்றான், ஓரிடத்துல நாக்கு குழறுது. திரும்ப அதே வரி, திரும்பக் குழறுது. அப்ப தனக்குத்தானே சொல்லிக்கிறான், "அக்கா கூப்பிடல. அப்ப ஒண்ணுமிருக்காது." மறுபடியும் வாசிக்க ஆரம்பிக்கிறான்.

தம்பியைக் கட்டிக்க இருந்த அந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கா, அதான் இதைக் கேக்குறீங்க. அவ சொன்னது உண்மைதான். நான் போன் வாங்கினதுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்திருந்தா. "நீங்க இத்தனை வருஷம் பாத்துக்கிட்டது போதும்கா. இனிமே அந்த அலாரம் என் போன்ல அடிக்கட்டும், நீங்க நிம்மதியா தூங்குங்க"ன்னா. தம்பியும், "ஆமாக்கா, உனக்கும் விடுதலை"ன்னான். நான் பாக்கலாம்னு சொன்னேன். மாசக்கணக்கா யோசிச்சுக்கிட்டிருந்தவளுக்கு அன்னைக்குத்தான் ஒரு தெளிவு வந்துச்சு.

ஆமா, தெரிஞ்சுதான் செஞ்சேன். அலாரம் இல்லைன்னு தெரியும், காலையில வேர்வையும் பாத்தேன். எங்க கையெழுத்துப் போடணுமோ காட்டுங்க, போடுறேன்.

களைச்சுப் போனவ பேசாம அவகிட்டக் கொடுத்திருக்கலாமேன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க மேடம். அவ நேத்து வந்தவ. அவ கூப்பிட்டா அவன் எடுப்பானா?