சாரதி இருக்கை

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் பார்கவி. சீனி காணாவிட்டால் சொல்லுங்கள். சட்டத்தரணி ஒருவர் வீட்டுக்கே வந்து பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அலுவலகம் என்றால் எனக்கு வாய் வராது. உங்கள் கட்சிக்காரன் ஜெயதீபன் நல்லவன் என்று நீதிமன்றத்தில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்கிறேன். அவனைப் போல ஒரு பிள்ளையை இந்த மெல்பேர்னில் நான் கண்டதில்லை. ஆனால் அதற்கு முதல் அந்தப் பயணத்தை ஒருதடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

குதிரைப் பந்தய நீண்ட விடுமுறைக்கு ஒவ்வொரு வருடமும் நாங்கள் மூன்று பேர் மலைப்பக்கம் போவோம். பீச்வொர்த், பிரைட், மவுண்ட் பியூட்டி என்று ஊருக்கு ஊர் தாங்களே பியர் காய்ச்சி விற்கும் சின்ன இடங்கள் இருக்கின்றன. தேவராஜா இதே ரோவில் புறநகரில் என் தெருக்காரன், வாயை மூடமாட்டான். ஜெயதீபன் படகில் அகதியாக வந்தவன். இத்தனை வருடமாகியும் தற்காலிக விசாதான். மனைவி நிரஞ்சினியும் மகளும் கிளிநொச்சியில். ஒரு வழக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவன் சிவப்பு விளக்கில் தெருவைக்கூடக் கடக்கமாட்டான். அவன் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுவான் என்று நீங்கள் எப்படி நம்பினீர்களோ, எனக்குத் தெரியாது.

அந்த முறை விடுமுறையும் கந்தசஷ்டியும் ஒன்றாக வந்தன. எனக்கு விரதம். பகலில் பட்டினி, இரவில் பாலும் பழமும். குடிக்காதவன்தான் கார் ஓட்டவேண்டும், அது எங்கள் வழக்கம். "முருகன் பாத்து எங்களுக்கு ஒரு டிரைவரை அனுப்பியிருக்கிறார் மச்சான்" என்று தேவராஜா தெருமுனை தாண்டும்போதே தொடங்கிவிட்டான்.

பிரைட்டில் ஆற்றோரம் உட்கார்ந்து இருவரும் குடித்தார்கள். ஒரு பலகையில் சின்னச் சின்னக் கிளாசுகளாக வைத்துத் தருவார்கள், பிறகு பெரிய கிளாசுக்குப் போவார்கள். எழும்பும்போது நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். தேவராஜா கவனிக்கவில்லை. ஜெயதீபன் கவனித்தான்.

"அண்ணை, முகம் வெளிறிப்போச்சு. ஒரு வாழைப்பழமெண்டாலும் சாப்பிடுங்கோ. முருகன் கோவிக்கமாட்டார்."

"விரதமெண்டா விரதம். நீ உன்ர பியரைக் குடி."

"அப்ப இண்டைக்கு இஞ்சையே நிப்பம். இல்லாட்டி நான் ஓடுறன்."

பகிடிக்குத்தான் சொன்னான். தேவராஜா விழுந்து விழுந்து சிரித்தான். நான் சாவியை எடுத்தேன். ஆறு நாளும் பிசகாமல் பிடிப்பவன் என்று கோயிலில் என்னைக் காட்டிச் சொல்வார்கள். ஒரு வாழைப்பழத்துக்காக அதை விடமுடியுமா?

பிரைட்டிலிருந்து மவுண்ட் பியூட்டிக்குப் போகும் பாதை மலையைச் சுற்றி ஏறும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஏறத் தொடங்கினால் நிறுத்த இடமில்லை, திரும்பவும் முடியாது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வளைவில் நிறுத்தலாம் என்று நினைத்தேன், அங்கும் இடமில்லை. பிறகு ஒரு சத்தம். சைக்கிளில் வந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும்.

பின்சீட்டில் தேவராஜா கண்ணைத் திறந்தான். "என்னடாப்பா?"

"கங்காரு. நீ படு."

படுத்துவிட்டான். பக்கத்தில் வெறியில் நித்திரையாகிப்போன ஜெயதீபன் அசையவே இல்லை.

நான் பதறவில்லை. பதறியிருந்தால் இது நடந்திருக்காது. முன்னும் பின்னும் ஒரு வாகனமும் இல்லை. என் மகள் லக்சிகாவுக்கு அடுத்த வருடம் பல்கலைக்கழகம். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. கோயில் நிர்வாகத்தில் நான் இருக்கிறேன். ஜெயதீபனுக்கு இந்த நாட்டில் யாரும் இல்லை. யாரும் இல்லாதவனுக்கு இழப்பும் குறைவு என்று பட்டது. இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், அதில் பிழை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. அவனை இழுத்து என் இடத்தில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டேன்.

விரதத்தில் எனக்குத் தலை சுற்றியது, அவன்தான் தான் ஓட்டுகிறேன் என்றான் என்று பொலிசுக்குச் சொன்னேன். ஓம், அப்படிச் சொன்னவன்தான் என்று தேவராஜாவும் சொன்னான். ஜெயதீபனுக்கும் அது மட்டும்தான் நினைவிருந்தது. "நான் சொன்னனான்தானே அண்ணை" என்று என் தோளில் விழுந்து அழுதான். சஷ்டி விரதக்காரன் பொய் சொல்வான் என்று எங்கள் ஆட்களில் யார் நினைப்பார்கள்?

அன்றிலிருந்து எனக்குத்தான் விடுதலையில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சிறைக்குப் போகிறேன். கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கோ அண்ணை, நான் என்னண்டு ஓடினனான்?" என்று கேட்பான். முழுவதையும் சொல்லவேண்டும். பிரைட் பாலம் தாண்டி இருக்கை மாறினோம் என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னேன். "பாலத்துக்கு முதலெண்டெல்லோ சொன்னனீங்கள்" என்கிறான். போகாமல் விட்டால் நிரஞ்சினி கிளிநொச்சியிலிருந்து அழைத்து, "அவருக்கு உங்களை விட்டா ஆர் இருக்கினம்?" என்று அழுகிறாள். அவனுக்காவது ஒருநாள் தண்டனை முடியும். முடிந்ததும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கு எது முடியும்?

இந்த வருடம் அவனும் சஷ்டி பிடிக்கிறானாம். செத்த மனுசிக்காக. பாலும் தொடுவதில்லை, தண்ணீர் மட்டும். போன ஞாயிறு பார்த்தேன், உதடெல்லாம் வெடித்திருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லமுடியாது. என்னுடைய பாவத்துக்கு அவன் விரதம் பிடிப்பதா? அதைப் பொறுக்கமுடியாமல்தான் உங்களிடம் இதைச் சொல்லுகிறேன்.

கோப்பையை வைத்துவிட்டீர்கள். என்ன கேட்டீர்கள்? அந்த மனுசி உடனேயே செத்துவிட்டாரா என்றா?

இல்லை. பாதையோரம் கிடந்தார், கண் திறந்துதான் இருந்தது. "பிளீஸ்" என்றார். "கமிங், கமிங்" என்றேன். ஜெயதீபனின் கால் கியருக்குப் பக்கத்தில் சிக்கிக்கொண்டது. நித்திரையில் இருப்பவனுக்குப் பாரம் அதிகம். அவர் திரும்பவும் கூப்பிட்டார். நானும் திரும்பவும் சொன்னேன். யாரையும் பதில் சொல்லாமல் விடுவது என் பழக்கமில்லை. ஆனால் சாரதிக் கதவால் இறங்கியது யார், அங்கே இழுத்து வைக்கப்பட்டது யார் என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால் வேலை முடிந்த பிறகும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் வருகிறேன் என்று சொன்னேன். கூப்பிடுவது நின்ற பிறகுதான் அவரிடம் போனேன்.