மீட்டர் காட்டிய நானூறு

ஊசி போட்டால் வலிக்காது என்று பெயர் எடுத்தவள் நான். முப்பத்தோரு வருட நர்ஸ் வேலையில், ஊசியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டும் குழந்தைகள்கூட என்னிடம் கையை நீட்டிவிடும். அக்காவும் அப்படித்தான் நீட்டினாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும், அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார் பெரிய டாக்டர். அக்காவுக்குக் கத்தி என்றாலே கை கால் உதறும். வைட்டமின் சி மருந்தை அதிக அளவில் டிரிப்பில் ஏற்றினால் கட்டி கரையும் என்று நான்தான் சொன்னேன். எங்கோ கேள்விப்பட்டதுதான். "ஆரஞ்சுப் பழத்துல இருக்கறதுதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்றேன். "நீ சொன்னா சரிடி" என்றாள். சின்ன வயதிலிருந்து என்னை விவரம் பத்தாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. முதல் வாரம் டிரிப் முடிந்ததும் விரலில் குத்திப் பார்த்தேன். மீட்டர் நானூறு காட்டியது. இன்சுலின் போட்டேன். சற்று நேரத்தில் வியர்த்துக் கொட்டித் துவண்டுபோனாள். சர்க்கரைத் தண்ணீர் புகட்டிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வைட்டமின் சி ஏறிய ரத்தத்தில் அந்த மீட்டர் ஏமாந்துபோகும், இல்லாத சர்க்கரையைக் காட்டும். அதற்குப் பிறகு டிரிப் நாளில் மீட்டரைத் தொட்டதே இல்லை. வேலையில் நான் அசட்டையாக இருந்தவள் இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டை வாங்க நான் மட்டும் போனேன். கட்டி இரண்டு மடங்காகியிருந்தது. "இன்னும் கை மீறிப் போகலம்மா. நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். "சுருங்கியிருக்குக்கா" என்றேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டதாக எனக்கு வேறு ஞாபகமே இல்லை. நாளைக்கு டாக்டர் முன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன். தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானம் டிரிப் ஏற்றினேன். முடிந்ததும் மீட்டரை எடுத்தேன். நானூறு காட்டியது. அதற்கு உண்டான இன்சுலினைப் போட்டேன்.

"கையெல்லாம் நடுங்குதுடி. கொஞ்சம் சர்க்கரை கலக்கிக் குடு."

"மீட்டர் நானூறு காட்டுதுக்கா. சர்க்கரை கூடாது."

இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இப்போது நான் டீயில் சர்க்கரை போடுவதில்லை. தம்ளரில் கரண்டி படும் சத்தம் வந்தால் பக்கத்து அறையிலிருந்து இன்னமும் சர்க்கரை கேட்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

கொன்றது நான்தான். ஆனால் என்மேல் வைத்த நம்பிக்கை கெடாமல் போய்ச் சேர்ந்தாள், எனக்கு அது போதும். கடைசியில் மட்டும் என் கையைத் தட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடப் பார்த்தாள். குரல் எழும்பவில்லை. சர்க்கரை இறங்கினால் ஆள் அடையாளம் தெரியாது, சார்.