பதினேழாம் நம்பர் டோக்கன்

முஜீப்பின் பிரௌசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே மின்விசிறி. முதலில் நான் அங்கே போனது அந்தக் காற்றுக்காகத்தான். பெயின்ட் கம்பெனியில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டுப் புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவனுக்கு அப்படி ஓர் இடம் வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருந்தது. பழைய காலத்து ஜப்பான். குறுநில மன்னர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். நாமும் அவர்களில் ஒருவராக இருந்து எல்லா நாடுகளையும் பிடிக்க வேண்டும். சும்மா சுடுகிற விளையாட்டு இல்லை. நெல் வரி வாங்க வேண்டும், கோட்டை கட்ட வேண்டும், பனிக்காலத்தில் படையை நகர்த்தாமல் பொறுத்திருக்க வேண்டும். ஈட்டி பிடித்த குடியானவர்களை முன்னால் நிறுத்திச் சாகவிட்டு, நல்ல வீரர்களைக் காட்டுக்குள் ஒளித்துவைப்பேன். எட்டு மாதத்தில் இரண்டே நாடுகள்தான் பாக்கி. கம்பெனியில் பதினோரு வருடமாக என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. அந்த விளையாட்டில் என்னைக் கேட்காமல் ஒரு குதிரை நகராது. அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை.

என் மனைவி சோனியாவுக்கு அது பிடிக்கவில்லை. குழந்தைக்கு வலிப்பு வந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்று ஆள் அனுப்பினாள். நான் ஒரு கோட்டையை முற்றுகையிட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போனேன். குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆகவே அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சாலமோன் என் ஷிப்டுக்காரன், எங்கள் தெருவே. நல்லவன். ஒரு வெள்ளிக்கிழமை கேன்டீனில் அவனே வந்து சொன்னான்.

"அண்ணே, முஜீப்கிட்ட சொல்லி அந்த கேமை மொத்தமா அழிச்சிட்டேன். அண்ணி தெனம் அழுதுக்கினு கீறாங்க. ஊடு ஊடா இல்லண்ணே. திட்றதுன்னா திட்டு."

"பரவால்லடா. டீ குடிக்கிறியா?" என்றேன்.

டீ வாங்கிக் கொடுத்தேன். நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அவன் இருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

மறுநாள் கலவைத் தொட்டி கழுவும் நாள். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட அலுமினிய டோக்கனை ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவான். ஏறி வந்ததும் அவனே எடுப்பான். இன்னொருவன் டோக்கனை யாரும் தொடுவதில்லை. கீழே விழுந்து கிடந்தால்கூட உரியவனைக் கூப்பிட்டுத்தான் எடுக்கச் சொல்வார்கள். ஆணி காலியாக இருந்தால் உள்ளே ஆளில்லை, பெயின்ட் கலக்கும் இரும்பு இறக்கையை ஓடவிடலாம். ஆபரேட்டர் முனுசாமி தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார், அவ்வளவு நம்பிக்கை.

சாலமோன் பதினேழாம் நம்பரை மாட்டிவிட்டு இறங்கினான். அந்த விளையாட்டில் தலைவனின் கொடி சாய்ந்தால் போதும், அவன் போய்விட்டான் என்று படையே நினைத்துக்கொள்ளும். நான் டோக்கனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். முனுசாமி வந்தார், ஆணியைப் பார்த்தார், ஸ்விட்சைப் போட்டார். உள்ளேயிருந்து சாலமோன் "அண்ணே" என்று ஒருமுறை கூப்பிட்டான். மோட்டார் சத்தத்தில் முனுசாமிக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நிறுத்தும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

டோக்கனை என் பையிலிருந்து நீங்களே எடுத்தீர்கள். முனுசாமியை அனுப்பிவிடுங்கள். சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாராம், பாவம். ஸ்விட்சைப் போட்டது அவர் கை, கொன்றது நான்.

நேற்று சோனியா வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் அழுதாள்.

"அந்தப் புள்ள மேல இன்னாங்க தப்பு? வேணாம் அண்ணின்னுதான் சொல்லுச்சு. நான்தான் கெஞ்சி அழிக்க வெச்சேன்."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. இதை அப்படியே எழுதுங்கள். கோபத்தில் எதையும் செய்கிற ஆள் இல்லை நான்.

"சரி, அழுவாத. பாப்பாவ பாத்துக்கினு ஊட்லயே இரு. நான் வர்ற வரிக்கும் எங்கியும் போவாத" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் ஐயா. இந்த மாதிரி வழக்கில் ஜாமீன் எத்தனை நாளில் கிடைக்கும்?